குளிர்கடலுக்கு அளவெடுத்த உடை

ஸ்கொட்லாந்தின் வடகரைக்கு அப்பால், ஓர்க்னித் தீவுகள் சூழ்ந்து நிற்கும் அகன்ற கடற்குடா ஒன்று உண்டு. ஸ்காப்பா ஃப்ளோ என்பது அதன் பெயர். முதலாம் உலகப்போர் ஓய்ந்தபின் ஜேர்மனியின் பெரும் போர்க்கப்பல்கள் அக்குடாவிற் சிறைவைக்கப்பட்டிருந்தன. அவை பகைவர் கைக்கு நிரந்தரமாகப் போய்விடும் என்றஞ்சிய ஜேர்மன் கடற்படைத் தளபதி லுட்விக் ஃபொன் றொய்ற்றர், 1919ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆம் நாள் அவற்றைத் தம்மவரே மூழ்கடிக்குமாறு ஆணையிட்டார். அங்கிருந்த 74 கப்பல்களுள் 52 அன்று கடலடியைச் சேர்ந்தன. பின்வந்த ஆண்டுகளிற் பெரும்பாலானவை இரும்புக்காக மேலே தூக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் மூன்று பெரும் போர்க்கப்பல்களும் நான்கு இலகு குறூசர்க் கப்பல்களும் இன்றும் அங்கே கிடக்கின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் சுழியோடிகள் ஆண்டுதோறும் ஓர்க்னிக்குச் செல்கின்றனர்.

பெருங்கப்பல்கள் கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 40 மீற்றர். குடாவின் நீர் குளிர்காலத்தில் 6 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்துவிடும். கோடையின் இறுதியிலும் 13 அல்லது 14 பாகையை அது அதிகம் தாண்டுவதில்லை. மன்னார்ச் சலாபத்திலே இடுப்புத் துணியோடு கல்லைப் பற்றிக்கொண்டு முத்துக்குளிக்க இறங்கியோரை அறிந்த நேயருக்கு, கடலில் இறங்குவதற்கு உடையொன்றும் வேண்டுமோ என்று தோன்றலாம். வெதுவெதுப்பான கடல் செய்த உதவி அது. வடகடல் அவ்வுதவியைச் செய்வதில்லை.

நீரானது காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நுவரெலியாவில் 13 பாகைக் குளிரில் ஒரு கம்பளிச் சட்டையோடு மாலையில் உலாவுபவர் அக்குளிரை இன்பமென்றே சொல்வார். அதே அளவு குளிர்ந்த நீரில் அதே சட்டையோடு மூழ்கினாலோ, சில நிமிடங்களில் விரல்கள் விறைக்கும். பின்னர் உடல் நடுங்கும். அதற்கும் பின்னர் அறிவு மந்தமாகும். இம்மூன்றாவதே சுழியோடிக்குப் பேராபத்து. எஞ்சியுள்ள காற்று எவ்வளவு, சென்ற ஆழம் எவ்வளவு, மேலேறும் வழியில் எங்கே எத்தனை நிமிடம் தரித்து நிற்கவேண்டும் என்ற கணக்குகளை விடாது செய்துகொண்டிருக்க வேண்டியவர் அவர். இன்னுமொன்று. ஆழத்தில் அமுக்கத்தோடு சுவாசித்த நைதரசன் உடலிற் கரைந்திருக்கும். மேலேறுகையில் அது மெல்ல வெளியேறவேண்டும். வெளியேறாது குமிழிகளாய்த் திரண்டால் மூட்டுக்களையும் நரம்புகளையும் தாக்கும். உடல் குளிர்ந்து தோலுக்குச் செல்லும் குருதி குறைந்தால் இவ்வெளியேற்றமும் குறையும். ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் சுழியோட்ட ஆராய்ச்சிப் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆழத்தில் வெதுவெதுப்பாக இருந்து மேலேறும்போது குளிர்ந்துபோவதே மிகவும் தீங்கான நிலை என்று காட்டியது. ஆகவே வெப்பங்காக்கும் உடை சொகுசுப் பொருளன்று. சுவாசக் கருவிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணவேண்டியது அது.

இவ்வகை உடைகள் இருவகைப்படும். ஒன்று ஈரவுடை. அது சிறு வாயுக்குமிழிகள் நிறைந்த நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பரினால் ஆனது. கலிபோர்ணியாவில் பௌதிகவியல் அறிஞராயிருந்த ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். நீர் உள்ளே புகும். புகுந்த சிறிதளவு நீரை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்ளும். எனினும் வெப்பத்தை உண்மையிற் காப்பவை இறப்பரினுள் உள்ள குமிழிகளே. ஆழத்தில் அக்குமிழிகள் நசுங்கிவிடுவதால் குளிர் கூடும் இடத்திலேயே உடையின் தடிப்புக் குறைந்துபோகும். மற்றையது உலருடை, ட்றை சூட் என்று வழங்கப்படுவது. இதனுள் நீர் புகுவதேயில்லை. அணிந்தவர் கம்பளிபோன்ற தடித்த உள்ளுடையை உள்ளே தரித்து, மேலே இவ்வுடையை மாட்டி, அந்த உள்ளுடையின் இழைகளுக்கிடையே தங்கும் உலர்ந்த காற்றினாற் சூடு காக்கப்படுகிறார்.

உலருடையின் வரலாறு நெடியது. இரண்டு துணிகளுக்கிடையே இறப்பரை வைத்து நீர்புகாத் துணி செய்யும் முறைக்கு ஸ்கொட்லாந்தியராகிய சாள்ஸ் மக்கின்ரொஷ் 1823இல் உரிமை பெற்றார். அத்தகைய துணியினாலேயே லண்டனில் வாழ்ந்த ஜேர்மனியரான ஒகஸ்ரஸ் சீப என்பார் 1830களிற் செப்புத் தலைக்கவசத்தோடு கூடிய சுழியோட்ட உடையைச் செய்தார். உயர வானத்திற் பறப்போரின் அமுக்க உடைகளுக்கென ஆக்கப்பட்ட காற்றுப்புகா ஸிப் பின்னர் சுழியோட்டத்திற்கும் வந்தது. சுவீடன் நாட்டுப் பொசைடன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட யூனிசூட் என்னும் உடையோடு உலருடை விளையாட்டுச் சுழியோடிகளின் கைக்கும் எட்டிற்று.

இவ்வுடையைக் கடையில் ஆயத்தமாகவும் வாங்கலாம். உடலளவு கொடுத்துத் தைப்பித்தும் பெறலாம். அளவெடுத்துத் தைத்த உடை என்றவுடன் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் உடையைப் பலர் மனத்திற் கொள்கின்றனர். மணமகனுக்குத் தைக்கும் மேற்சட்டையைப் போலத் தோளிலும் மார்பிலும் ஒரு மடிப்பும் விழாது நிற்பதே சிறப்பு என்பது அவர் எண்ணம். உலருடைக்கு அவ்வெண்ணம் முற்றிலும் பொருந்தாது. உடலுக்கு அளவெடுத்தல் என்பது இங்கே அசையாது நிற்கும் உடலுக்கு அளவெடுத்தலன்று. தடித்த உள்ளுடை அணிந்து, குந்தி, குனிந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் நீட்டும் உடலுக்கே அளவெடுத்தல். இவ்வேறுபாட்டை உணராது பெரும்பொருள் செலவிட்டோர் பலர்.

கையைத் தலைக்குப் பின்னால் ஏன் நீட்டவேண்டும்? 10 பாகைக்குக் கீழ்ப்பட்ட நீரில், சிலிண்டரின் உயரமுக்கக் காற்றைச் சுவாசத்திற்கு ஏற்ற அமுக்கத்திற்குக் குறைக்கும் சீராக்கி என்னும் கருவி உறைந்துபோவதுண்டு. நெருக்கப்பட்ட காற்று விரியும்போது கடுங்குளிர் உண்டாகும். கருவியின் நுண்ணிய பாகங்களிற் பனி கட்டினால், திறந்த வாயில் மூடாது; காற்று இரைச்சலோடு வெளியே கொட்டத் தொடங்கும். 40 மீற்றர் ஆழத்தில் ஒரு சிலிண்டர் வெறுமையாவதற்குச் சில நிமிடங்களே போதும். இரட்டைச் சிலிண்டர் சுமந்த சுழியோடி அவ்வேளையிற் செய்யவேண்டியது ஒன்றே. கையைத் தலைக்குப் பின்னாற் கொண்டுசென்று, பிழைத்த பக்கத்து வால்வைத் திருகி மூடி, மற்றப் பக்கத்துக் காற்றைக் காத்துக்கொள்ளல் வேண்டும். உடையின் முண்டப்பகுதி குறுகியதாயின் கை அவ்விடத்தை எட்டாது. சாதாரணச் சட்டை அணிந்தவர் கையை உயர்த்தும்போது சட்டை இடுப்பிலிருந்து மேலெழுந்து இடங்கொடுக்கும். உலருடையோ பாதம் முதற் கழுத்துவரை ஒரே உடை. அது கவட்டிலே தடைப்பட்டு நிற்கும். தோளுக்குத் தேவையான துணி கீழிருந்து வரமாட்டாது. நான்கு விரற்கடைக் குறைவு உயிரோடு விளையாடிவிடும்.

இக்காரணத்தால், அளவுகளுள் முதன்மையானது மார்புச் சுற்றளவுமன்று, இடுப்புச் சுற்றளவுமன்று. ஒரு தோளின் உச்சியிலிருந்து தொடங்கி, முன்புறமாக இறங்கிக் கவட்டினூடு சென்று, முதுகுப்புறமாக ஏறி அதே தோளை அடையும் வளைவளவே முதன்மையானது. தாமே தமக்கு அளவெடுப்போர் பெரும்பாலும் பிழைப்பது இவ்விடத்திலேதான். நாடாவைப் பார்ப்பதற்குக் குனிந்தவுடனேயே அளவு மாறிவிடுகிறது. பிறிதொருவரைக் கொண்டே எல்லா அளவுகளையும் எடுப்பித்தல் வேண்டும். நாடாவை இறுக்காது, தளர்த்தாது, ஒவ்வொன்றையும் இருமுறை எடுத்து, இரண்டும் வேறுபடின் மூன்றாம் முறையும் எடுப்பது நன்று. கை நீளம் அளக்கும்போது முழங்கையைச் சற்று மடித்து வைத்தல் வேண்டுமா, நேராக நீட்டல் வேண்டுமா என்பது தைப்பவருக்குத் தைப்பவர் வேறுபடும். அவர்தம் படிவத்திற் காட்டிய முறையைத் தவிர வேறெதனையும் பின்பற்றலாகாது.

இன்னுமொரு கேள்வியைத் தைப்பவரிடம் முன்கூட்டியே கேட்டல் வேண்டும். அளவு எடுப்பது உள்ளுடையின் மேலா, மெல்லிய ஆடையின் மேலா என்பதே அக்கேள்வி. சிலர் மெல்லிய ஆடையின்மேல் எடுத்த அளவையே கேட்டு, அணியப்போகும் உள்ளுடையின் தடிப்பை அறிந்து தாமே இடங்கூட்டுவர். சிலர் உள்ளுடையோடு எடுத்த அளவையே கேட்பர். முன்னவருக்குப் பின்னவரின் அளவைக் கொடுத்தால் இடம் இருமுறை கூட்டப்பட்டு உடை கோணியாகும். பின்னவருக்கு முன்னவரின் அளவைக் கொடுத்தால் அது மூச்சுமுட்டும் சிறையாகும். எனவே உடையை ஒழுங்குசெய்யுமுன் உள்ளுடையைத் தெரிந்துகொள்ளலே முறை. உள்ளுடையை மலிவாகப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்போர் வீட்டுக்குக் கூரை போட்டபின் சுவரின் உயரத்தைத் தீர்மானிப்பவரை ஒப்பர். செல்லவிருக்கும் நீர்களுள் மிகக் குளிர்ந்தது எதுவோ, அதற்குரிய உள்ளுடையையே அளவின் ஆதாரமாகக் கொள்ளல் வேண்டும்.

இடம் மிகுதியாயிருத்தல் நல்லதுதானே என்று இனி ஒருவர் கேட்கக்கூடும். பிள்ளை வளர்ந்துவிடும் என்று பள்ளிச் சீருடையை இரண்டங்குலம் கூட்டித் தைப்பிக்கும் பெற்றாரின் நியாயம் அது. சீருடைக்கு அது பொருந்தும், உலருடைக்குப் பொருந்தாது. ஏனெனில் மிகுதியான இடத்தை நிரப்புவது காற்று. அக்காற்று அசையாது இருப்பதில்லை.

கீழிறங்க இறங்க நீரின் அமுக்கம் கூடும். 10 மீற்றரில் அது மேற்பரப்பிலுள்ளதைப்போல் இருமடங்கு. 40 மீற்றரில் ஐந்து மடங்கு. உடையினுள் உள்ள காற்று அதற்கேற்பச் சுருங்குவதால் உடை உடம்பைக் கவ்விப் பிடித்து மடிப்புக்களாற் கிள்ளும். அதனைத் தவிர்க்க, மார்பிலுள்ள வால்வை அமுக்கிச் சிலிண்டரிலிருந்து சிறிது சிறிதாகக் காற்றை உடையினுள் விடுவர். ஏறும்போது இதன் எதிர்மாறு நிகழும். 40 மீற்றரில் உடையிலிருந்த ஒரு லீற்றர் காற்று மேற்பரப்பில் ஐந்து லீற்றராகும். இதிற் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 40 மீற்றரிலிருந்து 30 மீற்றருக்கு வரும்போது கனவளவு காற்பங்குதான் கூடும். கடைசிப் பத்து மீற்றரிலோ அது இரட்டிக்கும். ஆபத்து ஆழத்திற் குறைவு, மேலே அதிகம். மிகுதிக் காற்றை இடது மேற்கையிலுள்ள வால்வின் வழியாக வெளிவிடல் வேண்டும். அவ்வால்வு உடையின் மிக உயர்ந்த இடமாய் இருக்கும்போதே காற்று வெளிச்செல்லும். கால்ப்பகுதி தொளதொளவென்று இருந்து, சுழியோடி சற்றே தலைகீழானால், காற்றனைத்தும் பாதங்களுக்கு ஓடிவிடும். பாதங்கள் பலூன்போல் ஊதும். வால்வு கீழே போய்விடும். காற்று வெளியேற வழியின்றி மேலும் விரிந்து, அவரைக் கால்முன்னாக மேற்பரப்புக்கு இழுத்துச் செல்லும். அங்ஙனம் விரைந்து எழுவோருக்கு நுரையீரற் சேதமும் மேலே கூறிய குமிழி நோயும் நேரக்கூடும். முழங்காலுக்குக் கீழே உடை அடக்கமாயிருப்பதும், சப்பாத்துப் பகுதி பாதத்தை நழுவவிடாது பிடிப்பதும் இதனாலேயே வேண்டப்படுகின்றன.

தோளுக்கும் முண்டத்திற்கும் தாராளம், காலுக்கு அடக்கம் என்ற இந்த இரண்டையும் ஒரே உடையிற் பெறுவதற்காகவே அளவெடுத்துத் தைக்கும் முறை பயன்படுகிறது. கடை உடை ஒருவரின் உயரத்தைக்கொண்டு காலளவையும் தோளளவையும் ஊகித்துக்கொள்ளும். ஊகம் பொருந்தும் உடலுடையோர் பலர் உளர். அவர்கள் மேலதிகப் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. அதனை உள்ளுடைக்கும் பயிற்சிக்கும் செலவிடுவது அறிவுடைமை. நெடிய முண்டமும் குறுகிய கால்களும் உடையோர், மிக உயரமானோர், பருத்த உடலினர், சிறு மணிக்கட்டும் சிறு பாதமும் உள்ளோர் ஆகியோருக்கே அளவுடை உண்மையிற் பயன்தரும். ஆண்களின் அளவுகளை ஆதாரமாகக்கொண்டு வெட்டிய கடையுடைகளை நெடுங்காலம் அணிந்து இடர்ப்பட்ட பெண் சுழியோடிகளுக்கும் அது பெரும் ஆறுதல். அடுத்த ஆண்டு மெலிந்துவிடப்போவதாக உறுதிபூண்டவர், இன்றுள்ள உடலின் அளவையே கொடுப்பாராக.

இனி உடையின் மூலப்பொருள். மூவடுக்குத் துணி என்பது நைலோன் அல்லது பொலியெஸ்ரர்த் துணிகள் இரண்டுக்கிடையே பியூற்றைல் இறப்பர்ப் படலம் வைத்து ஒட்டியது. மெல்லியது, பாரங்குறைந்தது, விரைவில் உலர்வது, பயணத்திற்கு ஏற்றது. ஆனால் அது தானாக வெப்பத்தைக் காப்பதுமில்லை, இழுபடுவதுமில்லை. இழுபடாமையால் அளவுப்பிழையை அது மன்னிக்காது. இக்குறையை நிரப்ப, முண்டப்பகுதியைச் சற்று நீட்டித் தைத்து, இடுப்பில் மடித்து, கவட்டினூடு செல்லும் பட்டியாற் பிடித்துவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. கையை உயர்த்தும்போது மடிப்பு விரிந்து இடங்கொடுக்கும். நியோப்பிரீன் உலருடை தானும் ஓரளவு சூடுகாக்கும், இழுபடும், உடலோடு இசைந்து நீந்த உதவும். ஆயினும் ஈரவுடைக்குரிய நசுங்கும் குணம் அதற்கும் உண்டு. முன்னரே நசுக்கி இறுக்கிய நியோப்பிரீன் அக்குணத்தைப் பெரிதும் நீக்கியது, உறுதிமிக்கது, பாரமும் மிக்கது. கெட்டிப்படுத்திய இறப்பருடையோ அழுக்கு நீரில் வேலைசெய்வோருக்கு உரியது. அதனை எளிதிற் கழுவித் தூய்மையாக்கலாம். ஸ்காப்பா ஃப்ளோவிற் கப்பல் காணச் செல்லும் பயணிக்கு மூவடுக்குத் துணியே பெரும்பாலும் பொருந்தும். ஆழமில்லாக் குளிரேரியில் வாரந்தோறும் இறங்குபவர் நியோப்பிரீனை விரும்பினால் அதிற் குற்றங்காண இடமில்லை.

கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாது பிடிக்கும் பட்டிகள் அளவிற் சிறியனவாயினும் கவலையிற் பெரியன. இறப்பர்ப்பாலினாற் செய்த பட்டி நன்றாக இழுபடும், நன்றாகப் பிடிக்கும். களுத்துறையிலும் கேகாலையிலும் விடியற்காலையிற் பால் வெட்டுவோர் சிரட்டையிற் சேர்க்கும் அதே வகைப் பாலின் வழிவந்த பொருள் அது. வெயிலும் உடலெண்ணெயும் அதன் பகை. சில ஆண்டுகளில் ஒட்டும் பிசினாகியோ வெடித்தோ போய்விடும். நியோப்பிரீன் பட்டி தடித்தது, கழுத்துக்குச் சூடானது, எளிதிற் கிழியாதது. சிலிக்கோன் பட்டி மிக மென்மையானது. இறப்பர்ப்பால் ஒவ்வாத தோலினருக்கு ஏற்றது. அது பசையினால் உடையோடு ஒட்டாதாகையால், வளையம் ஒன்றைக்கொண்டு பொருத்துவர். அவ்வளையமே பயணத்தில் உதவும் பொருளாகவும் ஆகிவிடுகிறது. பட்டி கிழிந்தால் படகின்மேலேயே புதியதை மாட்டிக்கொள்ளலாம்.

கழுத்துப் பட்டி இறுக்கமாயிருந்தாற் பாதுகாப்பு அதிகம் என்று எண்ணுதல் பெருந்தவறு. கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் உள்ளன. அவற்றிலுள்ள உணர்விடங்களை அமுக்கினால் இதயத்துடிப்புத் தளர்ந்து தலைசுற்றும், மயக்கமும் வரக்கூடும். நீருக்கடியில் மயக்கம் என்பதன் பொருளை விரிக்க வேண்டியதில்லை. இறப்பர்ப்பால் பட்டியிலே சிறுசிறு வரைகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரையாக வெட்டி, அணிந்து பார்த்து, மீண்டும் வெட்டி, இதமாகப் பிடிக்கும் அளவில் நிறுத்தல் வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதும் நினைவிலிருத்தற்குரியது. மணிக்கட்டிலே நரம்புகள் மேலெழுந்து தோன்றும் கையினர் எதையேனும் இறுகப் பற்றும்போது அந்நரம்புகளின் பள்ளத்தினூடு நீர் கசியும். அத்தகையோர் நீண்ட பட்டியைக் கேட்டுப் பெறுவதோடு, உலர்ந்த கையுறையை வளையத்தோடு இணைக்கும் அமைப்பையும் கருதிப் பார்க்கலாம்.

ஸிப் இரண்டு இடங்களில் அமையும். முதுகின் குறுக்கே தோளிலிருந்து தோளுக்குச் செல்வதாயின் முன்புறம் தடையற்றிருக்கும். ஆனால் மூடுவதற்கு மற்றொருவர் வேண்டும். மார்பின் குறுக்கே சாய்வாகச் செல்வதாயின் தாமே மூடிக்கொள்ளலாம். தனித்துப் பயணம் செய்வோர் பின்னையதையே விரும்புவர். பித்தளைப் பற்களுடைய ஸிப் உறுதியானதாயினும், மடித்தாற் பல் பிறழும்; மெழுகு பூசிப் பேணவேண்டும். பிளாஸ்ரிக் ஸிப் நெகிழ்வானது, பாரங்குறைந்தது. எதுவாயினும், மூடிய ஸிப்பைக் கடைசி அங்குலம்வரை மற்றொருவர் பார்த்து உறுதிசெய்தபின் இறங்குவதே படகு வழக்கம்.

வால்வுகளின் இடம் குறித்து அளவுப்படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். பலர் அதனை வெறுமையாக விட்டுவிடுவர். சிலிண்டரைத் தாங்கும் தோட்பட்டியை உடையின்மேல் அணிந்து பார்த்து, மார்பு வால்வு பட்டியின் கீழே மறையாதவாறும், கைவால்வு பட்டியோடு உரசாதவாறும் இடம் குறித்தல் வேண்டும். நீண்டநேரம் நீரில் இருப்போர் சிறுநீர் வெளியேற்றும் வால்வையும் கேட்டுப் பெறுவதுண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமைப்புக்கள் உள. இதைப்பற்றிப் பேச நாணுவோர், நீருக்குள் இடர்ப்படாதிருக்க முந்திய நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகின்றனர். உடலில் நீர் குறைவது குமிழி நோய்க்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுவதால், நாணத்தினும் வால்வே மேல்.

உடையை நிரப்பும் வாயுவும் கருதத்தக்கது. மிக ஆழத்திற் செல்வோர் ஈலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பர். ஈலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறுமடங்கு வெப்பங்கடத்துவது. அதனை உடைக்குள் விடுதல் கம்பளியைக் கழற்றி எறிவது போலாகும். அவர்கள் உடைக்கெனச் சிறிய தனிச் சிலிண்டரில் காற்றையோ, காற்றிலும் குறைவாக வெப்பங்கடத்தும் ஆகன் வாயுவையோ கொண்டுசெல்வர்.

தைத்து முடிய வாரக்கணக்கிற் செல்லும். பயணத்திற்கு முந்திய வாரம் உடை வந்துசேருமாறு ஒழுங்குசெய்தல் ஆகாது. திருத்தம் வேண்டின் அது மீண்டும் சென்று வரவேண்டும். அளவுப்பிழை யாருடையதாயினும் திருத்தித் தருவரா, தபாற்செலவு யாரைச் சேர்ந்தது என்பனவற்றை முற்பணம் கொடுக்குமுன் எழுத்திலே பெறுதல் நன்று. உடை வந்தவுடன் உள்ளுடையோடு அணிந்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வீட்டுக்கூடத்திலேயே சோதிக்கலாம். முழுமையாகக் குந்தி எழவேண்டும். இரு கைகளாலும் தம்மைத்தாமே தழுவிக்கொள்ள வேண்டும். ஒரு காலை மற்ற முழங்காலின்மேல் வைத்துச் செட்டை மாட்டுவதுபோற் குனியவேண்டும். இறுதியாகச் சிலிண்டரை முதுகிற் சுமந்துகொண்டு வால்வுகளை இரு கைகளாலும் தனித்தனியே தொட்டுத் திருகவேண்டும். இக்கடைசிச் சோதனையிலே தவறிய உடை, வேறெல்லாவற்றிலும் சிறந்ததாயினும், திரும்பிச் செல்லவேண்டிய உடையே.

உடை பொருந்தினாலும் பயிற்சி தனியே வேண்டும். ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசிய வனத்தில் சில்ஃப்றா என்னும் பிளவு உண்டு. பனியாற்றின் உருகுநீர் எரிமலைப் பாறைகளினூடு வடிந்து அதனை நிரப்புகிறது. அந்நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகைவரையே இருக்கும். நூறு மீற்றருக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியுமளவு தெளிந்தது. உலருடைப் பயிற்சிச் சான்றோ, அவ்வுடையில் இறங்கிய முன்னனுபவமோ காட்டாத சுழியோடிகள் அங்கே இறங்க விடப்படுவதில்லை.

புதிய உடையோடு முதல் இறக்கம் ஆழமற்ற, அமைதியான நீரிலேயே நிகழவேண்டும். உள்ளுடையிலுள்ள காற்று மிதக்கச் செய்வதால் முன்னிலும் அதிக ஈயக்கட்டிகள் தேவைப்படும். சிலிண்டரில் 50 பார் அளவு காற்றே எஞ்சியிருக்கையில், 5 மீற்றர் ஆழத்தில், உடை பிடித்துக் கிள்ளாத அளவு காற்றோடு அசையாது நிற்க முடிந்தால் ஈயம் சரி. கரையேறியபின் உள்ளுடையைக் கழற்றித் தடவிப் பார்ப்பர். உடம்பு முழுவதும் இலேசான ஈரம் பரவியிருந்தால் அது வியர்வை. உடையிற் குறையில்லை. கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும் ஒரு கோடாக நனைந்திருந்தால் கழுத்துப் பட்டியின் அடியில் தலைமயிரோ உள்ளுடையின் நூலோ சிக்கியிருக்கும். முன்கை மட்டும் நனைந்திருந்தால் மணிக்கட்டு. ஒரு பாதம் மட்டும் நனைந்திருந்தால், பட்டிகளை அடைத்து, உடையைக் காற்றால் ஊதி, சப்பாத்தின் தையலோரமாகச் சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழும் இடத்தைத் தேடத் தொடங்கலாம்.